ஜாவாஸ்கிரிப்ட் செயலியை எத்தீரியத்துடன் இணைக்க ஈதர்ஸ் லைப்ரரியை எப்படிப் பயன்படுத்துவது? எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

ஈதர்ஸ் 6ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். தேடினால் கிடைக்கும் பழைய பயிற்சிகள் பலவும் 5ஆம் பதிப்புக்கு எழுதியவை. அவற்றில் வரும் வெப்3புரொவைடர்தான் இப்போது பிரவுசர்புரொவைடர். பழையதை அப்படியே காப்பி செய்தால் முதல் வரியிலேயே பிழை வரும்.

எத்தீரியத்தில் உள்ள தகவலைப் படிக்க மட்டும் என்றால் வாலட் (கணக்கின் சாவியை வைத்துக் கையொப்பமிடும் மென்பொருள்) தேவையில்லை. ஒரு நோடின் (எத்தீரியம் வலையமைப்பில் உள்ள கணினி) ஆர்பிசி முகவரியை, அதாவது செயலி அதனுடன் பேசும் இணைய முகவரியை, ஜேசன்ஆர்பிசிபுரொவைடருக்குக் கொடுத்தால் போதும். பணம் அனுப்பவோ கான்ட்ராக்டில் (எத்தீரியத்தில் ஓடும் நிரல்) எதையாவது மாற்றவோ கையொப்பம் வேண்டும். மெட்டாமாஸ்க் போன்ற வாலட் தரும் விண்டோ.எத்தீரியத்தை பிரவுசர்புரொவைடரிடம் கொடுத்து கெட்சைனரை அழையுங்கள்; அனுமதிப் பெட்டி திறக்கும். பக்கம் திறந்ததுமே அழைக்காதீர்கள், பயனர் பொத்தானை அழுத்தட்டும். முன்னால் அவெய்ட் போட மறந்தால் கையில் இருப்பது சைனர் (கையொப்பமிடும் பொருள்) அல்ல, வெறும் பிராமிஸ் (இன்னும் வந்து சேராத விடை). கான்ட்ராக்ட் அதைக் கொண்டு பரிவர்த்தனை அனுப்ப மறுத்துவிடும். பிரைவேட் கீயை (கணக்கைக் கட்டுப்படுத்தும் ரகசியச் சாவி) எக்காரணம் கொண்டும் பிரவுசர் கோடில் வைக்காதீர்கள்.

பெரும்பாலான சிக்கல் எண்களில்தான். எத்தீரியத்தின் பணமான ஈதரின் மிகச் சிறிய அலகு வெய்; 1 ஈதர் என்பது 10^18 வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2^53 வரைதான் துல்லியம், அது 0.01 ஈதருக்கே போதாது. அதனால் ஈதர்ஸ் தொகைகளை எல்லாம் பிக்இன்ட்டாக (எவ்வளவு பெரிய முழு எண்ணையும் துல்லியமாக வைக்கும் வகை) தருகிறது. பயனர் தட்டிய தொகையை எண்ணாக மாற்றாமல், எழுத்துச் சரமாகவே பார்ஸ்ஈதரிடம் கொடுங்கள். எந்த வலையமைப்பு என்று சொல்லும் செயின் ஐடியும் பிக்இன்ட்தான். அதைச் சாதாரண 1 உடன் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் மெயின்நெட்டில் (எத்தீரியத்தின் முதன்மை வலையமைப்பு) இருந்தாலும் பொய் என்றே வரும். ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை பிக்இன்ட்டைக் கண்டால் பிழை எறியும், முன்பே சரமாக்கிவிடுங்கள்.

டோக்கன்களுக்கு பார்ஸ்ஈதர் கூடவே கூடாது. டாலர் மதிப்பைப் பின்பற்றும் டோக்கனான யுஎஸ்டிசிக்கு தசம இடங்கள் 18 அல்ல, 6. பார்ஸ்ஈதரில் 1 என்று கொடுத்தால் அது லட்சம் கோடி யுஎஸ்டிசி ஆகிவிடும். டிரான்ஸ்ஃபர் என்றால் இருப்பு போதாமல் தோற்றுவிடும், தப்பித்தோம். ஆனால் அப்ரூவ் (உங்கள் டோக்கனை இன்னொரு முகவரி எடுக்க அனுமதிப்பது) இருப்பைப் பார்ப்பதில்லை. அத்தனைக்கும் சத்தமில்லாமல் அனுமதி கொடுத்துவிடும். கான்ட்ராக்டிடம் டெசிமல்ஸைக் கேட்டு பார்ஸ்யூனிட்ஸில் போடுங்கள்.

பரிவர்த்தனையை அனுப்பியதும் அதன் அடையாளமான ஹாஷ் வந்துவிடும். அதற்குள் 'முடிந்தது' என்று திரையில் காட்டாதீர்கள், இன்னும் பிளாக்கில் ஏறவில்லை. எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக். வெய்ட் முடியும்வரை காத்திருங்கள். கான்ட்ராக்ட் நிராகரித்தால் வெய்ட் பிழை எறியும். பயனரே வாலட்டில் மறுத்தால் வருவது ஆக்‌ஷன்_ரிஜெக்டட். அதைச் சிவப்பு எழுத்தில் காட்ட அவசியமில்லை, பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதும்.

பலரும் கையாளாமல் விடுவது டிரான்சாக்‌ஷன்_ரீப்ளேஸ்ட். பயனர் வாலட்டில் வேகப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் அதே நான்ஸில் (கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்), கூடுதல் கட்டணத்தில் வேறொரு பரிவர்த்தனை போகும், ஹாஷ் மாறும், வெய்ட் இந்தப் பிழையை எறியும். உண்மையில் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். 'தோல்வி' என்று காட்டினால் அவர் மறுபடியும் அனுப்புவார். பிழைக்குள் இருக்கும் ரீசனைப் பாருங்கள்: ரீப்ரைஸ்ட் (கட்டணம் மட்டும் மாறியது) என்றிருந்தால், கூடவே வரும் ரசீதின் ஸ்டேட்டஸ் 1 தானா என்று பார்த்து வெற்றியாகவே காட்டுங்கள்.