தொடுதிரை வந்துவிட்டது, இலக்கை எப்படி எழுதுவது?

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். பள்ளிக்குத் தொடுதிரைப் பலகையும் எனக்குக் கைக்கணினியும் வந்துள்ளன. பாடங்களில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கான என் ஆண்டு இலக்குகளை எழுத வேண்டும். ‘வாரம் ஐந்து காணொலிகள் காட்டுவேன்’ என்று எழுதினேன். மனம் ஒப்பாமல் அடித்துவிட்டேன். வேறு எப்படி எழுதுவது?
– இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: நீங்கள் அடித்தது சரிதான். ஒரு குழந்தைகூட ஓர் எழுத்தும் கற்காமலேயே அந்த இலக்கை முழுமையாக நிறைவேற்றிவிட முடியும் என்பதே அதன் குறை. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் இலக்கை நினைத்துப் பாருங்கள்: எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2025-க்குள் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்றுதான் அது சொன்னது, எந்தக் கருவியையும் இலக்காக வைக்கவில்லை. உங்கள் இலக்கிலும் குழந்தையே எழுவாயாக இருக்கட்டும். ‘முன்பு பார்த்திராத ஒரு பத்தியை என் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் மார்ச் மாதத்துக்குள் தடுமாறாமல் வாய்விட்டு வாசிப்பார்கள்’ என்று முதலில் எழுதிவிட்டு, அதற்குக் கருவி எங்கே கைகொடுக்கும் என்று பிறகு யோசியுங்கள். சாக்பீஸே போதுமான இடத்தில் கருவியைத் தேட வேண்டாம்.

இந்த இலக்குக்குக் கருவி கட்டாயம் கைகொடுக்கும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசிக்கும் குழந்தையை நாம் பத்து முறை திருத்தினாலும், தான் சொன்னது தன் காதில் விழாததால் அக்குழந்தைக்கு வேறுபாடு பிடிபடுவதில்லை. ஜூலையில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு நிமிடம் வாசிப்பதைக் கைக்கணினியில் பதிவு செய்து, பெயரும் மாதமும் இட்டுச் சேமித்து வையுங்கள். வகுப்பறை இரைச்சல் இல்லாமல் மரத்தடியில் பதிவு செய்வது நல்லது. இரண்டு மாதம் கழித்து அதே அளவுள்ள வேறொரு பத்தியைப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்யுங்கள். ளகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொடுவதையும் ழகரத்தில் தொடாமல் வளைந்து நிற்பதையும் நீங்கள் வாயசைத்துக் காட்ட வேண்டிய நேரம் அதுதான். (முதல் நாள் தம் குரலைத் தாமே கேட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அந்தப் பாடவேளையைச் சிரிப்புக்கென்றே விட்டுவிடுங்கள்.) ஒரு குழந்தையின் பதிவை மற்றவர்கள் முன் ஒலிக்கவிட்டு ஒப்பிடுவது மட்டும் கூடாது.

இரண்டாவது இலக்கைப் பல்வகுப்புக் கற்பித்தலை ஒட்டி அமைக்கலாம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வகுப்புக்குரிய திறனை எட்டிய மலர் நிலைக் குழந்தைகள் திரையில் கூட்டல் பயிற்சி செய்யும் இருபது நிமிடங்களில் நீங்கள் இன்னும் தொடக்க நிலையில் உள்ள அரும்பு நிலைக் குழந்தைகளுடன் தரையில் அமர்ந்து எழுத்துகளைத் தொட்டுக் காட்டிக் கற்பிக்க முடியும். ‘நாள்தோறும் இருபது நிமிடம் அரும்புக் குழந்தைகளுடன் மட்டும் இருப்பேன்’ என்று இங்கே உங்களையே எழுவாயாக வைத்து எழுதலாம். திரையால் மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பதற்கு அதில் கணக்கு இருக்கிறது. இணையத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலைகள் அந்த இருபது நிமிடங்களைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் கைக்கணினி அதற்கே முதலில் கையில் எடுக்கப்படுகிறது.

சூழ்நிலையியலுக்கு ஒன்று சொல்கிறேன். ஈரப்பஞ்சில் வைத்த மொச்சை விதையை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து குழந்தைகளே படம் எடுக்கட்டும். பத்துப் படங்களையும் பலகையில் வேகமாகத் தள்ளிக் காட்டினால், முதலில் வெளிவருவது இலையன்று, வேர் என்பதை யாரும் சொல்லாமலேயே கண்டுகொள்வார்கள். விதை முளைக்கும் அழகான காணொலிகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் தாம் தண்ணீர் தெளித்த விதையின் மங்கலான படத்தைத்தான் குழந்தைகள் விடாமல் பார்ப்பார்கள்.

முதல் ஆண்டுக்கு இவ்வளவு போதும். எட்டு இலக்குகளை எழுதினால் டிசம்பருக்குள் உங்களுக்கே அவை மறந்துபோகும்.

கேள்வி: பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை வகுப்பில் ஸ்கேன் செய்தால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, குழந்தைகள் கூச்சலிடத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?
– தலைமையாசிரியர், நீலகிரி மாவட்டம்

பதில்: வகுப்பு நேரத்தில் ஸ்கேன் செய்யாதீர்கள். இணையம் கிடைக்கும் இடத்தில் முந்தைய நாள் மாலையே, பாடக் காணொலிகள் உள்ள அரசின் திக்‌ஷா செயலி வழியாகக் காணொலியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் மறுநாள் இணையமின்றியே ஓட்டலாம். அப்படித் தரவிறக்கும்போது நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுவதால், எந்த இடத்தில் நிறுத்தி ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்பது என்பதும் தெரிந்துவிடும். மின்வெட்டு நாளுக்கு அதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்த ஆயத்தமாகவே இருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் முகம் தெரியும் வகுப்பறைப் படங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம்.