கார்க்கிலிருந்து நியூயார்க் வந்தவர்: சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: என் கணவர் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1850களில் அயர்லாந்தின் கார்க் கவுன்டியிலிருந்து வந்தவராம். கத்தோலிக்கர், குடும்பப் பெயர் சல்லிவன். 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கிறது. சொந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் கண்டுபிடிக்க முடியுமா? அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு அயர்லாந்து ஆவணங்கள் பக்கம் போகாதீர்கள். கார்க்கில் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன் மேல்தான் விழ வேண்டும். ஊர் தெரியாமல் தேடினால், பெயரும் வயதும் ஒத்துப்போகிற யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொள்வீர்கள். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் வம்சாவளிகள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

உங்களுக்குத் தேவை ‘டவுன்லேண்ட்’ பெயர். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு அது. நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. அது கிடைக்காவிட்டால் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) பெயராவது வேண்டும். இரண்டும் அமெரிக்க ஆவணங்களில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் அவர் திருமணம் நடந்த நியூயார்க் தேவாலயத்தின் பதிவேடு. மணமக்களின் சொந்த பாரிஷைச் சில பாதிரியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசுச் சான்றிதழில் அது பெரும்பாலும் இருக்காது. அடுத்து, 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க். கணக்கு வைத்திருப்பவர் அவர்தானா என்று சோதிக்க பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட வங்கி அது. அந்தப் பேரேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன. காணாமல்போன உறவினரைத் தேடி பாஸ்டன் பைலட் இதழில் 1831 முதல் வந்த விளம்பரங்களையும் பாருங்கள். கல்லறைக் கல், இரங்கல் செய்தி இரண்டையும் அவருக்கு மட்டுமல்ல, அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் சேர்த்துத் தேடுங்கள். அவருடைய கல்லில் ஊர் இல்லாவிட்டாலும் தங்கையின் கல்லில் இருக்கலாம்.

குடியுரிமை ஆவணத்துக்குப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். 1906க்கு முந்தையதில் விக்டோரியா அரசிக்கான விசுவாசத்தைத் துறந்தார் என்பதைத் தாண்டி அதிகம் இருக்காது. நியூயார்க்கில் வந்திறங்கியவர்களைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவு நிலையத்தின் பட்டியலும் உதவாது, அது திறந்ததே 1892இல். கப்பல் பட்டியலில் ‘குயின்ஸ்டவுன்’ என்றிருந்தால் அது ஏறிய துறைமுகம் (இன்றைய கோவ்). அதையே சொந்த ஊர் என்று எழுதிவிடாதீர்கள்.

இனி அந்தத் தீ. 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தின் ஆவணக் காப்பகம் அழிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் போனது. (1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது, தீயின் மேல் பழி போட முடியாது.) கத்தோலிக்கப் பதிவேடுகள் தேவாலயங்களிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையிலான பக்கங்களை அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கார்க் அண்ட் ராஸ் மறைமாவட்டப் (ஒரு ஆயரின் கீழ் வரும் பகுதி) பதிவுகளைப் பெயர் வைத்துத் தேட, ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ என்ற அரசுத் தளம் இருக்கிறது. கவுன்டியின் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் க்ளோய்ன் மறைமாவட்டம். ஆகவே அரசுத் தளத்தில் வரவில்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஞானஸ்நானப் பதிவு பல இடங்களில் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் ‘ஜாக்கோபஸ்’ ஆகியிருப்பார், வில்லியம் ‘குலியெல்மஸ்’. குடும்பப் பெயர் ‘ஓ’ சேர்ந்தும் சேராமலும் வரும். அமெரிக்காவில் சொன்ன வயதை அப்படியே நம்பாமல், முன்னும் பின்னும் ஐந்து வருடம் விட்டுத் தேடுங்கள். குழந்தை, தந்தை, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், இரண்டு ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்), சில சமயம் டவுன்லேண்ட்: ஒரு வரியில் இவ்வளவும் இருக்கும். பலரும் தாண்டிப் போகிற ஞானப்பெற்றோர்தான் இதில் பொக்கிஷம். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பா உறவுக்காரர்கள். நியூயார்க்கில் அவர் பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்களின் குடும்பப் பெயர்களும் இங்கே தென்பட்டால், சரியான வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். வெறும் பெயர்ப் பொருத்தத்தை ஏற்காதீர்கள். தாயின் பெயர், ஒரு உடன்பிறப்பு, ஒரு ஞானப்பெற்றோர் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்ற வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாகாது.

டவுன்லேண்ட் கிடைத்ததும் கிரிஃபித் நில மதிப்பீட்டை (வரிக்காக, எந்த நிலம் யார் கையில் என்று எழுதிய பட்டியல்) பாருங்கள். கார்க்குக்கு அது 1850களின் தொடக்கத்தில் அச்சானது. குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். அப்பா ஊரிலேயே தங்கியிருந்தால் அகப்படுவார். பிறகு யார் கைக்கு அந்த நிலம் போனது என்பதை, வருடத்துக்கு வருடம் வேறு வேறு நிற மையில் அடித்துத் திருத்திய மதிப்பீட்டு அலுவலக ஏடுகள் காட்டும். அந்தக் கடைசிப் பெயரை 1901 கணக்கெடுப்பில் தேடினால், ஊரோடு தங்கிவிட்ட பங்காளிகளின் வீடு தெரியும்.

பாஸ்போர்ட் ஆசை இருந்தால் ஒன்று: அயர்லாந்தில் பிறந்தவர் தாத்தா அல்லது பாட்டியாக இருந்தால்தான் பொதுவாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். இவ்வளவு பழைய தலைமுறையை வைத்துக் கேட்க முடியாது.

மேற்குக் கார்க் பக்கம் பல பாரிஷ்களின் பதிவேடுகள் 1820களுக்குப் பிறகே தொடங்குகின்றன. அதற்கு முன்னால் போக 1823–1837 தசமபாக வரிப் (தேவாலயத்துக்கான வரி) பட்டியல்தான் மிச்சம். அதிலும் நிலம் வைத்திருந்தவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.