கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லி வைக்கலாமா?

கேள்வி: ரூஃபுக்கு கம்பி கட்டி முடிச்சாச்சு, நாளன்னைக்கு கான்கிரீட். கம்பிக்கு அடியில இடைவெளிக்கு வைக்கிற கவர் பிளாக் எங்கன்னு கேட்டா, "எதுக்கு சார், முக்கா இன்ச் ஜல்லி வச்சா போதும்"ங்கிறார் மேஸ்திரி. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. கான்கிரீட் போடுறப்ப சட்டியத் தூக்கிட்டு எல்லாரும் அந்தக் கம்பி மேலதான் நடப்பாங்க, ஜல்லி உருண்டுரும், கம்பி போய் அடியில தாங்குற சென்ட்ரிங் ஷீட்டுல ஒட்டிக்கும். ஷீட்டப் பிரிச்சதும் அடியில கோடு கோடா கம்பி தெரியும், அத பூசி மறைச்சுட்டு போயிடுவாங்க, அப்புறம் ஈரம் ஏறி துரு புடிச்சு கம்பி உப்பி, கான்கிரீட் பூச்சோட பெயர்ந்து விழும். ஸ்லாபுக்கு 20 எம்எம் பிளாக், பீமுக்கு 25, பில்லருக்கு 40, பவுண்டேஷனுக்கு 50. இதுல பேரமே வேண்டாம்.

பால்கனி, சன்ஷேடு இருந்தா அத தனியா பாருங்க, அங்க கணக்கே தலைகீழ். ரூம் ஸ்லாப் நடுவுல தொய்யும், அதனால மெயின் கம்பி அடியில. பால்கனி ஒரு பக்கப் பிடிமானத்துல நிக்குது, விரிசல் மேல்பக்கம்தான் வரும், அதனால மெயின் கம்பி மேல இருக்கணும், வீட்டு ஸ்லாபுக்குள்ள எவ்வளவு போகணும்னு டிராயிங்ல இருக்கும், டேப் வச்சு அளந்துருங்க. அடியில பிளாக் வச்சா மட்டும் அந்தக் கம்பி மேல நிக்காது, அதத் தாங்க மூணடிக்கு ஒரு சேர், அதாவது கம்பியிலேயே வளைச்ச ஸ்டாண்டு, வைக்கச் சொல்லுங்க. சேர் இல்லாம மிதிபட்டு கீழ போன கம்பி, இல்லாத கம்பிக்குச் சமம்.

கம்பி வாங்குறதையும் மேஸ்திரி கையில விட்டுட்டீங்களா? "தெரிஞ்ச கடை"ன்னு கூட்டிட்டுப் போறதே பாதி கமிஷனுக்குத்தான். எடை சீட்ட மட்டும் நம்பாம கம்பிய எண்ணுங்க, சிலத எடை போட்டுப் பாருங்க. 12 மீட்டர் கம்பி 8 எம்எம்னா சுமார் 4.7 கிலோ, 10 எம்எம் 7.4, 12 எம்எம் 10.7. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், 8 எம்எம் கம்பி நாலு கிலோதான் வருதுன்னா லோடையே திருப்பி அனுப்புங்க.

பிளான் அப்ரூவலுக்கு அத்தனை தடவை அலைய விடுறாங்களே, கான்கிரீட்டுக்கு முன்னாடி கம்பியப் பாக்க ஒருத்தர் வர்றாங்களா? சின்ன வீட்டுக்கு நான் பாத்ததே இல்ல. அதனால டிராயிங் போட்ட இன்ஜினியரையே நாளைக்கு சைட்டுக்கு கூப்பிடுங்க, அவர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் மிக்சர் மெஷின் வர வேண்டாம். கான்கிரீட் அன்னைக்கு கம்பி கட்டுறவர் ஒருத்தர் மேலயே நிக்கட்டும், மிதிபடுற பால்கனி கம்பிய அப்பப்ப தூக்கி விட.