இருபத்தோராவது கிலோ

அக்கா வணக்கம். குரூப் 4க்கு படிச்சிட்டு இருக்கேன். ஃப்ரெண்டு ஒரு புதிர் போட்டான். 2, 4, 6 ஒரு விதிக்குள்ள வருது, நீ வேற மூணு நம்பர் சொல்லு, வருமா வராதான்னு மட்டும் சொல்றேன், விதியைக் கண்டுபிடின்னான். 8, 10, 12 சொன்னேன், வரும்னான். 20, 22, 24, அதுவும் வரும். 100, 102, 104, அதுவும். ரெண்டு ரெண்டா கூடுதுன்னேன், தப்புன்னுட்டான். கடைசில பாத்தா மூணு நம்பரும் ஏறுவரிசைல இருந்தா போதுமாம். இது ஏமாத்து வேலை இல்லையா? நம்பர் சீரிஸுக்கு நல்ல ஷார்ட்கட் புக்கும் சொல்லுங்க.
ஒரு வாசகர், குன்னூர்

தம்பி,

புக்கெல்லாம் வேணாம், பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்க, போதும்.

ஏமாத்து வேலைன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அந்தப் பையன் ஒரு பொய்யும் சொல்லல. நீங்கதான் மனசுக்குள்ள ஒரு விதிய முடிவு பண்ணிட்டு அதுக்குத் தலையாட்டுற நம்பரா பொறுக்கிப் பொறுக்கி கேட்டிருக்கீங்க. ஒரே ஒரு தடவ 1, 2, 3 வருமான்னு கேட்டிருந்தா உங்க விதி அங்கயே உடைஞ்சிருக்கும். சரி, மனசு விட்டுடாதீங்க, இது பீட்டர் வேசன்ங்கிற உளவியலாளர் 1960ல எழுதின சோதனை, அதுல முதல் வாட்டியே சரியா சொன்னவங்க அஞ்சுல ஒருத்தர் கணக்குதான்.

நானும் இதே தப்பைப் பண்ணவதான். எங்கம்மா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல கொழுந்து பறிச்சாங்க. தராசுல சாக்கை மாட்டி எடையை சத்தமா சொல்லுவாங்க, ஆனா புக்குல ஏத்துறது வேற நம்பர். கழிவுன்னு பேரு. எவ்வளவு கழிவுன்னு கேட்டா அதுக்கொரு கணக்கு இருக்குன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. நான் அப்ப ஏழாவது. அம்மா ராத்திரி அடுப்பு முன்னாடி கையை சூடு காட்டிக்கிட்டே நம்பர் சொல்ல சொல்ல ரஃப் நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதுவேன். 23க்கு 20. 27க்கு 24. 25க்கு 22. மூணு கிலோம்மா, சாக்குக்கும் ஈரத்துக்கும் பிடிக்கிறாங்கன்னு சொல்லிட்டேன். பதினஞ்சு நாள் எழுதினேன், ஒரு நாள்கூட தப்பல. எப்படித் தப்பும், அம்மா பறிச்சதெல்லாம் தினமும் இருபதுக்கு மேல முப்பதுக்குள்ள, நான் பாத்ததெல்லாம் உங்க 8, 10, 12 மாதிரிதான்.

பக்கத்து லைன் வீட்டுல ஒரு பெரியம்மா. முட்டி வலி, சரிவுல ஏறி நிறைய பறிக்க முடியாது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்க. "எனக்கு ரெண்டுதானே பாப்பா போச்சு, 16 நின்னுச்சு, 14 எழுதுனாங்க"ன்னாங்க. உங்க காதுல தப்பா விழுந்திருக்கும்னு சொன்னேன் தம்பி, அவங்க முகத்தப் பாத்தே சொன்னேன், இன்னிக்கு நெனச்சாலும் கூசுது. அவங்க ஒண்ணும் சொல்லல. மறுநாள் எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வந்தாங்க. நல்லா பறிக்கிற ஒருத்தங்களுக்கு 34க்கு 30. உடம்பு முடியாம பாதியில எறங்கினவங்களுக்கு 9க்கு 8.

அப்பதான் புரிஞ்சுது, பத்து கிலோவுக்கு ஒரு கிலோ, மேல மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதுக்கும் முழுசா ஒண்ணு. அப்ப 20 கொண்டுபோனாலும் 18தான், 21 கொண்டுபோனாலும் 18தான். பனியில விரல் விறைக்க விறைக்க பறிச்ச அந்த இருபத்தோராவது கிலோவுக்கு கூலியே இல்ல. யாருகிட்டயும் போய் சண்டை போடவும் முடியாது, ஏன்னா விதின்னு ஒண்ணு யாரும் வாய்விட்டு சொன்னதே இல்லையே.

1, 2, 4, 8, 16னு போய் அடுத்து 31னு வர்ற கணக்கும் இருக்கு. வட்டத்து மேல புள்ளிய ஒண்ணொண்ணா கூட்டி, எல்லாத்தையும் கோட்டால சேத்து, மூணு கோடு ஒரே இடத்துல வெட்டிக்காம பாத்துக்கிட்டு துண்டை எண்ணுங்க. ஆறாவது புள்ளில 32 வராது. பரீட்சைல 32னே எழுதுங்க, வீட்டுல எண்ணிப் பாருங்க.

அந்த வாரத்துலருந்து தராசுக்குப் போற வழில சில்வர் ஓக் மரத்தடில எல்லாரும் சாக்கை எறக்குவாங்க. பெரியம்மா ஒவ்வொரு சாக்கா கையால தூக்கிப் பாத்து "இது இருபதைத் தாண்டுது"ன்னு சொல்லுவாங்க. அம்மா மிஞ்சுன கொழுந்தை முந்தானைல அள்ளி, 18 நிக்கிற பெரியம்மா சாக்குல போடுவாங்க.