ஸ்பெஷல் எஜுகேஷன் ஆசிரியர் மேசையின் மறுபக்கம் வரும்போது: கேள்வி பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பெஷல் எஜுகேஷன் ஆசிரியர்களாக இருப்பவர்கள், வேலையை விட்டுவிட்டு மாணவருக்காகப் பெற்றோரோடு வந்து பேசும் அட்வகேட் ஆவது பற்றி வந்த கேள்விகள் இவை.

பதில்களுக்கு முன் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் அட்வகேட் என்றால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீல். இங்கே ஸ்பெஷல் எஜுகேஷன் அட்வகேட் வக்கீல் இல்லை. தமிழ்ப் பெற்றோர் பலர் கறுப்புக் கவுனை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் வருவார்கள். "நான் வக்கீல் இல்லை, சட்ட ஆலோசனை தரமாட்டேன்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முதல் சந்திப்பிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி: பத்து வருடமாக ரிசோர்ஸ் ரூம் (தனி உதவி வகுப்பு) ஆசிரியை. அட்வகேட் ஆக என்ன லைசென்ஸ் வாங்க வேண்டும், மேடம்?

மத்திய அரசு லைசென்ஸ் எதுவும் கிடையாது. ஐடியா என்கிற மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டப்படி, பிள்ளையைப் பற்றி அறிவோ தனித் திறமையோ உள்ள யாரையும் பெற்றோர் ஐஇபி (அந்தப் பிள்ளைக்கென எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு அழைத்து வரலாம். அவருக்கு அந்த அறிவு இருக்கிறதா என்று முடிவு செய்வது அழைத்தவர்தான். "இவர் யார், எதற்கு வந்தார்" என்று டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) தடுக்க முடியாது.

லைசென்ஸ் இல்லை என்பதற்காகப் பயிற்சி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி மையம் குறைந்தது ஒன்று இருக்கும். நியூ ஜெர்சியில் அது ஸ்பான். அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு கோப்பா என்ற வக்கீல்கள், அட்வகேட்டுகள் அமைப்பு நடத்தும் சீட் என்ற அட்வகேட் பயிற்சிக்குப் போகலாம். உங்கள் மாநில விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும். மத்திய விதியில், பெற்றோர் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து மதிப்பீட்டுக்கு 60 நாள். நியூ ஜெர்சியில் சம்மதத்திலிருந்து ஐஇபி நடைமுறைக்கு வரும் வரை எல்லாமே 90 நாளுக்குள். டெக்சாஸில் மதிப்பீட்டுக்கு 45 பள்ளி நாள். ஒரு மாநிலத்துக் கணக்கை இன்னொரு மாநிலக் கூட்டத்தில் சொன்னால் உங்கள் பேச்சு அங்கேயே எடுபடாமல் போகும்.

கேரி, நார்த் கரோலைனா: எனக்குச் சட்டம் தெரியாது, வகுப்பறைதான் தெரியும். என்னால் முடியுமா அக்கா?

முடியும். இந்த வேலையில் முக்கால்வாசி வகுப்பறைக் கணக்குதான். சட்டப் பிரிவுகளை ஒரு கோடையில் படித்துவிடலாம். பிள்ளையின் தாள்களைப் படிக்கும் கண் அப்படி வராது.

முதலில் மதிப்பெண். பெரும்பாலான தேர்வுகளின் ஸ்டாண்டர்ட் ஸ்கோருக்கு (அதே வயதினரோடு ஒப்பிட்ட மதிப்பெண்) சராசரி 100, திட்ட விலக்கம் 15. வாசிப்பில் ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்பில் 85, ஐந்தாம் வகுப்பில் 78 என்று வைத்துக்கொள்வோம். அவன் சரியாகச் செய்த கேள்விகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். அதைக் காட்டி, "முன்னேறியிருக்கிறான்" என்பார்கள். ஆனால் 85 என்பது 16ஆவது பெர்சன்டைல், 78 என்பது 7ஆவது. அதாவது நூறு பேரில் அவனுக்குக் கீழே 16 பேர் இருந்த இடத்தில் இப்போது 7 பேர்தான். அவன் நடக்கிறான், கூட வந்தவர்கள் அவனைவிட வேகமாக நடக்கிறார்கள், இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. இதைப் பெற்றோருக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டுங்கள். "இரண்டாம் வகுப்பு மூன்றாம் மாதத்துக்குச் சமம்" என்கிற கிரேடு ஈக்விவலன்ட்டை நம்பி எதுவும் பேசாதீர்கள். இரண்டு மூன்று கேள்வி கூடக்குறைய ஆனாலே அது தாவிவிடும்.

அடுத்து இலக்கு. "வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் 80 சதவீதம் மேம்படும்" என்று எழுதியிருந்தால் எதில் 80, யார் அளப்பார், இப்போது எவ்வளவு என்று எதுவுமே இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இப்போது இரண்டாம் வகுப்புப் பத்தியில் நிமிடத்துக்கு 42 சொல் சரியாக வாசிக்கிறான். ஜூனுக்குள் 70. வாரம் ஒருமுறை அளக்க வேண்டும், தொடர்ந்து நான்கு அளவில் மூன்றில் எட்ட வேண்டும்." தொடக்க அளவு இல்லாத இலக்கை எட்டியதாகவும் சொல்லலாம், எட்டவில்லை என்றும் சொல்லலாம்.

கடைசி மூன்று வருட ஐஇபிக்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே இலக்கு வருடா வருடம் நகல் எடுக்கப்பட்டிருக்கிறதா? கொலராடோ டக்ளஸ் கவுன்ட்டிக்கு எதிரான எண்ட்ரூ எஃப். வழக்கில் பெற்றோரின் குறையே அதுதான். பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் வரும்படி ஐஇபி அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒருமனதாகச் சொன்னது. அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து கூட்டத்தில் முழங்க வேண்டாம். நகல் இலக்குகளை மஞ்சள் மையால் கோடிட்டு நடுவில் வைத்தால் போதும்.

நிமிடங்களையும் பாருங்கள். "தேவைக்கேற்ப", "30 நிமிடம் வரை" என்ற சொற்கள் இருந்தால், பூஜ்ஜியம் நிமிடம் கொடுத்தாலும் ஐஇபியை மீறியதாகச் சொல்ல முடியாது. வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், எத்தனை பேர் குழு, வகுப்புக்குள்ளா வெளியிலா என்ற நான்கும் எழுத்தில் வர வேண்டும்.

ஆசிரியராக இருந்து வந்தவர்கள் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. எந்தப் பாடமுறையைப் பயன்படுத்துவது என்று வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். முறையைத் தேர்வது பெரும்பாலும் பள்ளியின் உரிமை என்று 1982இன் ரௌலி தீர்ப்பிலிருந்தே நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. நீங்கள் பலனைக் கேளுங்கள்.

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்: சர்டிபிகேட் இல்லாமல் அட்வகேட் என்று போட்டுக்கொள்ளலாமா?

எடிசன்காரருக்குச் சொன்ன பதில்தான். போட்டுக்கொள்ளலாம். வக்கீல் இல்லை என்ற வரியும் அதே அட்டையில் இருக்கட்டும்.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா: எச்-4 என்ற சார்பு விசாவில் இருக்கிறேன். சென்னையில் ஸ்பெஷல் பி.எட். முடித்தேன். பகுதி நேரமாகச் செய்யலாமா?

இஏடி (வேலை அனுமதி) அட்டை இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸாகச் செய்தாலும் அது வேலைதான். உங்களுக்கு அட்டை கிடைக்குமா என்பதை இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள். இது என் துறை இல்லை.

பிளேனோ, டெக்சாஸ்: முதல் குடும்பம் வந்தால் எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஒப்பந்தம். மணிக்கணக்கில் கட்டணம், எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். "நினைத்த பிளேஸ்மென்ட் (வகுப்போ பள்ளியோ) கிடைத்தால் இவ்வளவு" என்ற பேச்சே வேண்டாம். அடுத்து, பள்ளி உங்களோடு பேசப் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதித் தாள். அது இல்லாமல் உங்கள் மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போடமாட்டார்கள்.

பிறகு முழுக் கோப்பையும் எழுத்தில் கேளுங்கள். ஐஇபி கூட்டத்துக்கு முன்பாகவும், எப்படியானாலும் 45 நாளுக்குள்ளும் பார்க்கக் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஐந்தே வேலை நாள். வந்த தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பக்கக் காலவரிசை எழுதுங்கள். கோப்பைப் படிக்காமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள், பெற்றோர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பெற்றோரின் கவலைகள் அவர்கள் பெயரில் ஒரு பக்கக் கடிதமாகப் போய்விட வேண்டும். கூட்டத்தில் பெற்றோர் முதலில் பேசட்டும். பள்ளி எதையாவது மறுத்தால், "பிரையர் ரிட்டன் நோட்டீஸ் கொடுங்கள்" என்று கேளுங்கள். எதை மறுத்தார்கள், ஏன், எந்தத் தரவை வைத்து என்று எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. வாயால் சொன்ன பல மறுப்புகள் எழுதும்போது மாறிவிடும், ஏனென்றால் காரணம் எழுத வேண்டியிருக்கிறது. அன்று இரவே பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல்.

சான் ஹோசே: கூட்டத்தில் ஒத்துவரவில்லை என்றால் டியூ பிராசஸ் என்ற முறையான விசாரணையில் நானே வாதாடலாமா? கட்டணத்தைப் பள்ளியிடமே வாங்கலாமா?

இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பெண்ணின் பெயரில் பதில் இருக்கிறது. மெரிலின் ஆரன்ஸ், வக்கீல் அல்லாத கல்வி ஆலோசகர். நியூ ஜெர்சியில் வக்கீல் அல்லாதவர் விசாரணையில் ஆஜராகலாம், ஆனால் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியை அவர் எதிர்த்தார். 1988இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. டெலவேரில் பெற்றோருக்காக ஆஜரானார். அது அனுமதியின்றி வக்கீல் தொழில் செய்வது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லிவிட்டது. பிறகு மர்ஃபி குடும்பம் வழக்கில் வென்று, அவருடைய கட்டணமான 29,350 டாலரைப் பள்ளியிடம் கேட்டது. வென்ற பெற்றோருக்கு வக்கீல் கட்டணம் கிடைக்கலாம், நிபுணர் கட்டணம் கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்த்தது.

ஆகவே உங்கள் மாநில விதியைப் பார்க்காமல் விசாரணை மேசையில் உட்காராதீர்கள். உங்கள் கட்டணம் திரும்பி வராது என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் கருவி ஸ்டேட் கம்ப்ளைன்ட், அதாவது மாநிலக் கல்வித் துறைக்கு எழுதும் புகார். அதைத் தனிநபர் யாரும், அமைப்பு எதுவும் போடலாம். மீறல் நடந்து ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், ஒரு பிரதி டிஸ்ட்ரிக்டுக்கும் போக வேண்டும். மாநிலம் 60 நாளில் முடிவு சொல்லும். கொடுக்காமல் விட்ட நிமிடங்களைப் போலத் தாளில் நிரூபிக்கக்கூடிய குறைகளுக்கு இதுவே பொருத்தம்.

பெயர் வேண்டாம்: இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். கூட்டத்தில் வாயைத் திறக்க முடியாது. இரவில் பெற்றோருக்கு போன் செய்து "இதைக் கேளுங்கள்" என்று சொல்கிறேன். சரிதானே?

சரியில்லை. அந்தப் பெற்றோர் மறுநாள் கூட்டத்தில், "டீச்சரே சொன்னார்" என்று சொல்லிவிடுவார். உங்கள் வேலை போகும், அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கும் ஒரே ஆளும் அந்த அறையிலிருந்து போய்விடுவார்.

ஆஸ்டின்: அக்கா, இதை ஏற்க முடியவில்லை. பிள்ளைக்கு ஸ்பீச் தெரபி தேவை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது துரோகம் இல்லையா?

துரோகம்தான் தம்பி. வாயை மூடச் சொல்லவில்லை, போனை வைக்கச் சொல்கிறேன். கூட்டத்தில் உங்கள் தரவை மேசையில் வையுங்கள்: "ஆறு வாரம் அளந்தேன், எண்கள் இவை, இப்போதைய உதவி போதவில்லை." அது உங்கள் கடமைக்கு உட்பட்ட பேச்சு. குறிப்பில் ஏறும், பெற்றோர் காதிலும் விழும்.

பெயர் வேண்டாம்: அப்படிப் பேசினால் அடுத்த வருடம் கான்ட்ராக்ட் வராது. புரொபேஷனில் இருப்பவர்கள் நிலைமை தெரிந்துதான் சொல்கிறீர்களா?

தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் கவுன்ட்டியில் சூசன் பார்க்கர் என்ற ரிசோர்ஸ் ஆசிரியை மாணவர்களுக்காகப் பேசியதால் பழிவாங்கப்பட்டதாக வழக்குப் போட்டார். மாற்றுத்திறனாளி அல்லாத ஆசிரியரும், மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் 504ஆம் பிரிவின்கீழ் அப்படி வழக்குப் போடலாம் என்று 2009இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பேச்சுரிமையை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அரசு ஊழியர் வேலையின் பகுதியாகப் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2006இன் கார்செட்டி தீர்ப்பு சொல்கிறது. அதனால்தான் தேதியோடு எழுத்தில் இருக்கட்டும் என்கிறேன். யாரிடம் சொன்னீர்கள், என்று சொன்னீர்கள், அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன நடந்தது என்ற மூன்றும் தாளில் இருந்தால் யூனியனும் வக்கீலும் உதவ முடியும். இரவு போனுக்குச் சாட்சி இல்லை.

ஆஸ்டின்: எல்லாரும் சட்டப்படி நடந்தால் அட்வகேட்டே தேவைப்படாதே.

உண்மை. சட்டப்படி நடக்காத இடத்துக்குத்தான் அட்வகேட் போகிறார். அங்கே அவர் கையாவது சுத்தமாக இருக்க வேண்டும். பள்ளியை விட்டு வரும்போது ஒரு மாணவரின் தாளைக்கூட நகல் எடுத்து வராதீர்கள், மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் ஃபெர்பா சட்டம் இருக்கிறது. வேலையில் இருக்கும்வரை சொந்த டிஸ்ட்ரிக்டுக்கு எதிராக எந்தக் குடும்பத்தையும் எடுக்காதீர்கள். கான்ட்ராக்ட் வருடத்தின் நடுவில் விட்டுப் போனால் சில மாநிலங்களில் ஆசிரியர் சான்றிதழே இடைநிறுத்தப்படும், ஆகவே ஜூன் வரை பொறுங்கள்.

டம்பா: வேலையில் இருந்துகொண்டே பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு, கல்வி முடிவுகளில் பெற்றோர் இடத்தில் நிற்கும் சரோகேட் பேரன்ட் ஆகலாமா?

அந்தப் பிள்ளையின் கல்வியிலோ பராமரிப்பிலோ பங்குள்ள அமைப்பின் ஊழியர் அப்படி ஆகக் கூடாது. வேறு டிஸ்ட்ரிக்டில் கேட்டுப் பாருங்கள்.

சிகாகோ: அட்வகேட் ஆக எந்த சர்டிபிகேட் நல்லது?

இதே கேள்வி மூன்றாவது முறை. முதல் பதிலைப் படியுங்கள்.

அட்லான்டா: என் மகனுக்கு ஏபிஏ (நடத்தைப் பயிற்சி) தெரபி எத்தனை மணி நேரம் கேட்கலாம்?

பிள்ளையைப் பார்க்காமல் எண் சொல்பவரை நம்பாதீர்கள். மதிப்பீடு செய்தவரிடம் கேளுங்கள்.

பார்சிப்பனி, நியூ ஜெர்சி: தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் செய்ய ஆசை. கூட்டத்தில் நானே மொழிபெயர்த்தும் கொடுக்கலாம்தானே?

வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும், பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் போதும். மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லையும் விடாமல் சொல்ல வேண்டும், அட்வகேட் எது முக்கியம் என்று பொறுக்க வேண்டும். ஒரே வாயால் இரண்டும் நடக்காது. நீங்கள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது நிமிடக் கணக்கு மாறியதைக் கவனிக்கத் தவறுவீர்கள். பிள்ளையின் மதிப்பீடும் அவன் மொழியில் நடந்ததா என்று பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் நான்கு வயதுக் குழந்தையை ஆங்கிலச் சொற்தேர்வில் உட்காரவைத்து வந்த எண், அவனுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதைத்தான் காட்டும்.

நம் பெற்றோரிடம் இன்னொரு பழக்கம், "டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மேசையிலேயே கையெழுத்துப் போடுவது. வந்ததற்கு அடையாளமாக வருகைத் தாளில் மட்டும் போடச் சொல்லுங்கள். ஐஇபியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கட்டும். ஆனால் உங்கள் மாநிலத்தில், முதல் ஐஇபிக்குப் பிறகு வருபவற்றுக்குப் பெற்றோர் மௌனமாக இருந்தாலும் 15 நாளில் அது நடைமுறைக்கு வந்துவிடும். மறுப்பு இருந்தால் கடிதம் எழுதிவிட்டு நிற்பது போதாது, அந்த 15 நாளுக்குள் மீடியேஷனோ (சமரசப் பேச்சு) டியூ பிராசஸோ கேட்டாக வேண்டும். கூட்டம் முடிந்து காருக்கு நடக்கும்போதே அந்தக் கடைசித் தேதியைக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள்.