விமானத்தைக் காட்டிய பிறகு உங்களைப் பார்க்கிறானே, அதுதான் செய்தி

கேள்வி: மகனுக்கு 20 மாதம். எட்டுச் சொற்கள்தான் சொல்கிறான். இணையத்தில் பார்த்த அறிகுறிகளில் பாதி பொருந்துகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் இரண்டு மொழி. அடிக்கடி சளி. மொபைல் இல்லாமல் சாப்பிட மாட்டான். நாக்கு ஒட்டியிருக்குமோ என்கிறார்கள். மூளை வளர்ச்சி டானிக் வாங்கி வைத்திருக்கிறேன். விமானச் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு ஓடி, மேலே விரலைக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் அவனோடு சரியாகப் பேசாததால்தான் ஆட்டிசம் வந்துவிட்டதா?

பதில்: பெற்றோர் பேசாததால் ஆட்டிசம் வருவதில்லை. மரபணுக்களுக்குப் பெரும் பங்குள்ள, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. தாயின் பாராமுகம்தான் காரணம் என்று 1950, 60களில் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். மருத்துவம் அதைக் குப்பையில் போட்டு வெகுகாலம் ஆயிற்று. நீங்கள் அதைப் பொறுக்கி எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

கடிதத்தின் முக்கியமான வரியை ‘மட்டும்’ என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டீர்கள். விமானத்தைக் காட்டுகிறான், பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். அந்த இரண்டாவது பார்வையைத்தான் நாங்கள் தேடுவோம். தண்ணீர் பாட்டிலைக் காட்டினால் தண்ணீர் கிடைக்கும். விமானத்தைக் காட்டி அவனுக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. “நான் பார்த்தேன், நீயும் பார்த்தாயா?” என்கிறான். சொல் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட பேச்சு இது.

பயப்பட வேண்டியது இது இல்லாதபோதுதான். 18 மாதம் தாண்டியும் ஒன்றைக் காட்டிப் பகிர்ந்துகொள்ளாத குழந்தை, எது வேண்டுமானாலும் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், முகத்தைப் பார்க்காமலே, கையை ஒரு கருவி போலப் பொருளின் மேல் வைக்கும் குழந்தை, நீங்கள் மின்விசிறியைக் காட்டினால் அங்கே பார்வையைத் திருப்பாத குழந்தை: இவர்களை அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேற்றுவரை சொன்ன சொற்கள், காட்டிய விரல், ஆட்டிய டாட்டா நின்றுபோனாலும் அப்படியே. “பையன்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்” என்று காத்திருப்பது அங்கே செய்யும் பெரிய தவறு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, ஆட்டிச அறிகுறி உண்டா என்று பெற்றோரைக் கேட்டுப் பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது, சில நிமிட வேலை. அதுவும் ஒரு சல்லடைதான், தீர்ப்பு அல்ல. நுனிக்காலில் நடப்பது, பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் இந்த வயதில் எந்தக் குழந்தையும் அவ்வப்போது செய்வது. இணையத்தில் அறிகுறிகளைப் பட்டியலிடும் வீடியோக்களுக்கு அது தெரியாது.

மற்றவை விரைவாக. இரண்டு மொழி பேச்சைத் தாமதப்படுத்தாது. இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள். ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலியைச் சொன்னால், அது கொச்சையாக இருந்தாலும் ஒரு சொல்தான். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு பிசகலாம், பேச்சு தொடங்குவது நிற்காது. பேச்சை வரவழைக்கும் டானிக் என்று ஒன்று கிடையாது. பாட்டில் பிரிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தச் சளிதான். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கேட்பது மட்டும் மங்கும். விமானத்தின் கனத்த இரைச்சல் எட்டும், ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது பரிசோதனை அல்ல. பிறந்தபோது செவிச் சோதனையில் தேறியதும் இன்றைய காதுக்குச் சான்று ஆகாது. ஆடியாலஜிஸ்ட்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும் வயதுக்கேற்ற செவித்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். அதற்குள் காதில் சொட்டு மருந்து விட்டுவிடாதீர்கள், நீர் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றும். வற்றாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இனி பேச்சு. தனியாக ‘பாட நேரம்’ எதுவும் வேண்டாம். சட்டை மாட்டும் ஐந்து நிமிடமும் குளிக்கும் பத்து நிமிடமும் போதும், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால். ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறான் என்று வையுங்கள். குனிந்து, முகம் அவன் முகத்துக்கு நேரே இருக்கும்படி உட்காருங்கள். “செருப்பு!” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரியவர்கள் தோற்பது இங்கேதான். இரண்டு நொடி மௌனம் தாங்காமல் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவோம், அவனோ அப்போதுதான் வாயைத் திறக்கப் பார்த்திருப்பான். “செப்பு” என்று சொன்னால், “தப்பு, செருப்புன்னு சொல்லு” என்று திருத்தாதீர்கள். “ஆமா, அப்பா செருப்பு. இன்னொண்ணு எங்கே?” என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ஒலி எதுவும் வராமல் வாசலைப் பார்த்தால் அதுவும் பதில்தான்: “வெளியே போகணுமா?”

அவன் பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள். அவன் கண் எறும்பின் மேல் இருக்கும்போது புத்தகத்தில் யானையைக் காட்டினால் இரண்டு சொல்லும் ஒட்டாது. “இது என்ன? அது என்ன?” என்ற பரீட்சையைக் குறைத்து, “நீலச் சட்டையா, சிவப்பா?” என்று இரண்டையும் கையில் தூக்கிக் காட்டுங்கள். இழுத்து, ராகம் போட்டுக் கொஞ்சும் குரல் நல்லதே, வாக்கியம் மட்டும் முழுதாக இருக்கட்டும்.

மொபைல் ஏன் இதைச் செய்யாது? அமெரிக்காவில் பாட்ரீசியா கூல் என்ற குழந்தை மொழி ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். 2003இல் வெளிவந்த முடிவு: ஆள் எதிரே உட்கார்ந்து பேசியபோது அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறிந்தன, அதே பேச்சைத் திரையில் போட்டபோது எதுவும் ஏறவில்லை. திரை அவன் பார்வையைப் பின்தொடராது, அவனுக்காகக் காத்திருக்கவும் செய்யாது. சாப்பாட்டு நேர வீடியோவை நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான், பிறகு வழிக்கு வருவான். உங்கள் மொபைலும் அப்போது வேறு அறையில் இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கும் நடுவில் அழைப்பு வந்து அம்மா திரும்பிவிட்டால், இரண்டு வயதுக் குழந்தை அந்தச் சொல்லைக் கற்பதில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

24 மாதத்தில் மறுபடி காட்டுங்கள். இரண்டு சொல்லைத் தானே சேர்க்கிறானா என்று பார்ப்போம். “அம்மா வா”, “இன்னும் தண்ணி” கணக்கில் வரும். மனப்பாடமாக வரும் “டாட்டா பைபை” வராது. செவிச் சோதனைக்கு மட்டும் அதுவரை காத்திருக்காமல் இந்த மாதமே போய்விடுங்கள்.