‘நல்ல தண்ணீர்’ இங்கிலீஷில் என்ன?

தங்கச்சிமடம் ஆட்டோ ஓட்டுநர்: வில்லூண்டி தீர்த்தத்தைக் காட்டி, ‘கடலுக்குள் நல்ல தண்ணீர்’ என்பதை ‘குட் வாட்டர்’ என்கிறேன். பயணிகள் முழிக்கிறார்கள்.

‘ஃப்ரெஷ் வாட்டர்’ என்று சொல்லுங்கள். ‘குட் வாட்டர்’ என்றால் தரமான தண்ணீர் என்றுதான் தோன்றும். உப்பில்லை என்ற சேதி போய்ச் சேராது. நம் கரையில் நல்ல தண்ணீருக்கு எதிர்ப்பதம் கெட்ட தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். ஃப்ரெஷ்ஷும் அதே வழிதான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஃபெர்ஸ்க்’. உப்பில்லாதது என்று பொருள். புதியது, வாடாதது என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு இந்தச் சொல் அகராதி இல்லாமலே விளங்கும் என்று நினைக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஒரு கவனம்: பாசி பிடித்த ஊருணித் தண்ணீரும் ஃப்ரெஷ் வாட்டர்தான். குடிக்கலாமா என்று கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் சொல்லுங்கள்.

பாம்பன் மீன் வியாபாரி: ‘பச்சை மீன்’ என்று இங்கிலீஷில் போர்டு எழுத வேண்டும். ‘க்ரீன் ஃபிஷ்’ சரியா, ‘ரா ஃபிஷ்’ சரியா?

இரண்டும் வேண்டாம். ‘ரா’ என்றால் சமைக்காதது. கருவாடு இல்லை என்று சொல்லத்தானே பச்சை மீன் என்கிறோம்? அப்போது ‘ஃப்ரெஷ் ஃபிஷ்’தான். ஐஸ் போட்டு வைத்திருந்தாலும் அப்படி எழுதலாம். கட்டியாக உறையவைத்தது ‘ஃப்ரோஸன்’. ஆனால் போர்டைப் பார்ப்பவர் இன்று கரைக்கு வந்த மீன் என்றே நம்புவார். நாலு நாள் ஐஸில் கிடந்ததை அந்தப் பெயரில் விற்காதீர்கள்.

மண்டபம் கல்லூரி மாணவி: வானிலைச் செய்தியில் ‘ஃப்ரெஷ் ப்ரீஸ்’ என்று வந்தது. இதமான காற்று என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வத்தையில் கடலுக்குப் போகிறவர்.

உடனே திருத்திச் சொல்லிவிடுங்கள் அம்மா. பேச்சில் இதமாக இருக்கலாம். கடல் வானிலையில் அது காற்றின் வேகத்தைப் படிப்படியாகப் பிரிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலின் 5-ஆம் படி. மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம். திறந்த கடலில் அலை சுமார் 2 மீட்டர் எழும், நுரை வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இங்கே ‘ஃப்ரெஷ்’ என்றால் வேகம் பிடித்த காற்று. சிறிய படகுக்கு அது சாதாரணக் காற்று இல்லை. இனிமேல் சொல்லை விட்டுவிட்டு வேக எண்ணை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

தொண்டி வாசகர்: முகம் கழுவப் போகும்போது ‘ஐ வில் பிகம் ஃப்ரெஷ்’ எனலாமா?

‘ஐ வில் ஃப்ரெஷன் அப்’ என்பதே வழக்கு.